வேனுக்குள் கிடந்த கடல் மணல்

நாலந்தாவைத் தாண்டியதும் பின் இருக்கையில் இருந்த சித்தப்பா தேசிக்காயை நகத்தால் கீறி முகர்ந்தார். அந்த எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியதும் நான் மறுபடியும் சின்னப் பிள்ளையாகிவிட்டேன்.

அன்றும் திருகோணமலைக்குத்தான் பயணம். நிலாவெளி வரை கடலோரமாகவே போகலாம் என்று சித்தப்பா ஒரு வாரமாக ஆசை காட்டியிருந்தார். வழியெல்லாம் தேசிக்காயை முகர்ந்துகொண்டு வந்தும் நாவுலயில் வாந்தி எடுத்துவிட்டேன்.

"வேன் நாறிப்போகும். நீ இந்தக் கடையிலயே இரு, திரும்பி வர்றப்போ ஏத்திக்கிறோம். சிப்பி கொண்டாறேன்," என்று தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார் சித்தப்பா. வேன் அவருடையது என்பதால் அப்பாவும் என்னை விட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

பொழுது சாயும்போது வந்தார்கள். சித்தப்பாவின் பிள்ளைகள் தலைமயிரெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. சிப்பி வரவில்லை. வீட்டு வாசலில் சித்தப்பா விளக்குமாற்றை என் கையில் திணித்தார். "நீ சும்மாதானே இருந்த? வேனைக் கூட்டு."

கடலை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், முறத்தில் அள்ளிய மணலாக.

இன்று வேன் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். நாவுலயில் சித்தப்பா, "கொஞ்சம் நிப்பாட்டு தாயி, கொமட்டுது," என்றார். ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தினேன்.

"வேன் நாறிப்போகும் சித்தப்பா. நீங்க இந்தக் கடையிலயே இருங்க, திரும்பி வர்றப்போ ஏத்திக்கிறோம்."

அவர் என்னையே பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"சிப்பி கொண்டாறேன்," என்றேன்.

கிளம்புமுன் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நேற்று மாத்தளையில் வாங்கிய விளக்குமாறு பத்திரமாக இருந்தது. சாயங்காலம் அவருக்கு வேலை இருக்கிறது.