பிடிக்க இடமில்லாத கண்ணாடி

“ஓரமா, நடுவா?”

தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார் போன் கடை அக்கா. முன்னால் இருப்பது யாருடைய போனோ. உடைந்த கண்ணாடிக்கும் அதனடியில் உள்ள திரைக்கும் நடுவே, தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, சிறுகச் சிறுக அறுத்துக்கொண்டு போகிறார். அடியில் சூடேறிய தட்டு. வந்து நிற்பவர் பேராசிரியராக இருந்தாலும் பால்காரராக இருந்தாலும் முதல் கேள்வி அதுதான். நடுவில் உடைந்திருந்தால், “உக்காருங்க.” ஓரத்தில் உடைந்திருந்தால், “நாளைக்கு வாங்க.” திரை விளிம்பு தாண்டிப் பக்கவாட்டிலும் வழிந்து இறங்குகிற வளைந்த கண்ணாடி என்றால் மட்டும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வார். அப்போது முகத்தில் ஒரு குஷி தெரியும்.

கண்ணாடி அக்கா என்று கேட்டால்தான் எங்கள் வீதியில் வழி சொல்வார்கள். ஐம்பதைத் தொடப் போகிறவர். தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும் என்கிற அளவில் ஒரு கடை. கண்ணாடி ஒட்டும்போது ஒரு தூசி உள்ளே போனாலும் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அதனால் அந்தக் கடைக்குள் யாரும் கைக்குட்டையை உதறக்கூடாது, தலையைச் சொறியக்கூடாது. தும்மல் வந்தால் அவரே வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருவார். மழையில் நனைந்து வந்த போலீஸ்காரர் ஒருவரை, “சார், அங்கயே நின்னு சொட்டி முடிச்சுட்டு வாங்க” என்று வாசலிலேயே நிறுத்தினார். அவரும் நின்றார்.

மற்ற கடைகளில் கண்ணாடி உடைந்தால் திரையையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். இவர் உடைந்ததை மட்டும் எடுப்பார். “ஜன்னல் உடைஞ்சதுக்கு யாராவது வீட்டை இடிப்பாங்களா?” என்பார். வேலையை எங்கே கற்றீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “எங்கயும் இல்ல. செத்த போனா வாங்கி வாங்கி அறுத்துப் பார்த்தேன். நாப்பதைக் கொன்னேன். நாப்பத்தொண்ணாவது கண்ணு முழிச்சுச்சு. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.”

ஓரச் சட்டமில்லாத திரைகளோடு அவருக்கு இருக்கும் உறவு, அழகான மருமகளோடு மாமியாருக்கு இருக்கும் உறவு போன்றது. புதுக் கண்ணாடி ஒட்டி முடித்து முதல்முறை போனை உயிர்ப்பிக்கும்போது, வெளிச்சம் ஓரம்வரை வழிந்து நிற்பதைப் பார்த்து, “என்னமா இருக்கு பாருங்க! படத்துக்குச் சட்டமே இல்ல. அப்படியே கையில ஏந்துன மாதிரி” என்று நம்மிடமே காட்டுவார். அடுத்த நிமிடமே ஆரம்பித்துவிடும். “ஆனா தளும்பத் தளும்ப ஊத்துன டம்ளரு இது. பார்க்க அழகுதான். எங்க பிடிச்சுத் தூக்குறது? பிடிச்சா விரலு படுது, விரலு பட்டா எங்கயாவது போன் போயிடுது. கீழ விழுந்தா நேரா ஓரம்தான் அடி வாங்குது. முன்னல்லாம் நாலு பக்கமும் கரை இருந்துச்சு. கரைய எடுத்துட்டு ஆத்தை மட்டும் குடுத்திருக்கான்.”

பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர், மனைவியின் பெருமையை ஊருக்குச் சொல்கிற விதமே வேறு. “உலகத்துல உள்ள போனெல்லாம் சரியாயிடும். எங்க வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மட்டும் ரெண்டு வருஷமா தாழ்ப்பாள் இல்ல. உள்ள போனா பாடிக்கிட்டே இருக்கணும்.”

போன மாதம் ஒரு வெல்டர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஓய்வு பெற்றவர். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பழைய தீக்காயத்தில் விறைத்து நீட்டியபடியே நின்றுவிட்டன. அவர் நீட்டிய போனில் ஒரு கீறல்கூட இல்லை. அருமையான வளைந்த திரை.

“ரிப்பேருங்கம்மா.”

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்னண்ணே ரிப்பேரு? என்னைவிட நல்லா இருக்கு.”

“பேசிக்கிட்டே இருக்கும்போது கட்டாயிடுது. வீடியோல.”

“யார்கிட்ட பேசும்போது?”

வெல்டர் மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். ஒரே மகள். கப்பல் எஞ்சின் வேலைக்குப் படித்து, தொலைவில் ஒரு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இவருக்கு இஷ்டமில்லை. “போறதுன்னா போ” என்று சொல்லி அனுப்பியவர், ஆறு மாதம் பேசவில்லை. அப்புறம் மகளின் முதல் சம்பளத்தில் இந்தப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளே அழைப்பாள். மூன்று நிமிடம், நாலு நிமிடம், கட். அவள் தன் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கும்போதுதான் பெரும்பாலும் கட். அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். போன வாரம், “இனிமே நானா கூப்பிட மாட்டேம்ப்பா. உங்களுக்குப் பேசத் தோணுனா நீங்க கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டாளாம். அதற்கு இவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அதுவும் கட்.

“இப்ப எனக்கு ஒரு வீடியோ கால் போடுங்க” என்றார் அக்கா. வெல்டர் போட்டார். அக்கா தன் போனைப் பார்க்கவே இல்லை; அவர் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தார். இரண்டு விரல் மடங்காததால் போனை உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடிக்கிறார். பெருவிரலின் அடிச்சதை திரையின் கீழ்மூலையில் ஏறி உட்காருகிறது. சிவப்புப் பொத்தான் இருப்பது அங்கேதான். வேலையைப் பற்றி மகள் பேசினால் மனிதர் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார், பாவம்.

“இடது கையில பிடிக்கலாமே?”

“ஆடுது. பொண்ணுக்குத் தலை சுத்துதாம்.”

“ஒரு ஸ்டாண்டுல வச்சுட்டா?”

“செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்மா. நான் நடந்துக்கிட்டே பேசுற ஆளு.”

“கரை வச்ச பழைய போன் ஒண்ணு தரட்டா?”

இந்த இடத்தில் வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம்பொண்ணு வாங்கிக் குடுத்ததும்மா இது. அவ முகம் இதுல எம்மாம் பெருசா தெரியுது தெரியுமா? பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி. இதைச் சரியில்லன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

“அப்ப கை சரியில்லன்னு சொல்லுங்க.”

வெல்டர் தன் வலது கையைப் பார்த்தார். முப்பது வருடம் இரும்பை ஒட்டிய கை அது. அதைக் குறை சொல்வதும் அவருக்கு முடியாத காரியம் என்று முகத்திலேயே தெரிந்தது.

அக்கா ஒரு தாளை எடுத்து, அவர் கையை அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். “சனிக்கிழமை வாங்க. என் மேசைக்கு வந்த போனு எதுவும் அப்படியே திரும்பிப் போனதில்ல.”

அந்த வாரம் கடையில் கண்ணாடி வேலை பாதிதான் நடந்தது. ஓரத்தில் படுவதைக் கண்டுகொள்ளாதே என்று போனுக்கே சொல்லி வைக்கும் வசதி ஒன்று உண்டு. வெல்டரைப் பார்த்த அன்றே அதை முடுக்கிப் பார்த்திருந்தார். அந்தத் தடித்த சதை ஓரத்தையும் தாண்டி உள்ளே வந்துவிடுவதால் பயனில்லை. எனவே போனின் முதுகுக்கு, போனின் நிறம் தெரிகிற கவர் ஒன்றை எடுத்து, அதன்மேல் வெந்நீரில் போட்டால் மாவாக இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக்கால் ஒரு பிடி செய்தார். முதல் பிடி வழுக்கியது. இரண்டாவதில் சதை மறுபடி மூலைக்கு ஏறியது. இரண்டுக்கும் வெல்டரை நடுநடுவே கடைக்குக் கூப்பிட்டு அளவு பார்த்தார். மூன்றாவதில், நீட்டிய இரு விரலும் மடங்காமலே படுத்துக்கொள்ள இரண்டு பள்ளம், உள்ளங்கை மேலே ஏறாமல் முட்டி நிற்க ஒரு சிறு மேடு. சனிக்கிழமை அதை வெல்டர் கையில் மாட்டி, கணவருக்கு வீடியோ போடவைத்து, வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிட்டார். வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் இருபதாவது நிமிடத்தில் கெஞ்சினார்: “இன்னுமா கட்டாகல? ஐயா, நீங்களாவது கட் பண்ணுங்க, நான் கை கழுவணும்.”

வெல்டருக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம் சேருகிற நேரத்துக்கு, சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். “இங்கயே பேசிடுறேம்மா. ஏதாவது ஆச்சுன்னா நீங்க இருப்பீங்க.” என் போனின் வேலைக்காகப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு அவரே வீடியோ போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி மணியில் எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.” குரலில் ஈரமில்லை.

சாப்பிட்டாயா, வெயில் எப்படி, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். நாலு நிமிடம் போயிற்று. ஐந்து. உன் வேலை எப்படி இருக்கிறது என்று இவர் கேட்டார்.

“எதுக்குக் கேக்குறீங்க? நான் ஆரம்பிச்சா கட் பண்ணிடுவீங்க.”

வெல்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா, “சொல்லுங்கண்ணே” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

“கட் பண்ணுனது நான் இல்லம்மா” என்றார் வெல்டர். “இந்தக் கை இருக்குல்ல... உன் போனு நல்ல போனு. இந்த ரெண்டு விரலுதான்...”

அக்கா எழுந்தார். என்னையும் கண்ணாலேயே வெளியே கிளப்பினார். பின்னாலேயே வந்து ஷட்டரைச் சத்தமில்லாமல் பாதிக்கு இறக்கினார். வாசலில் ஐந்தாறு பேர் உடைந்த போன்களோடு நின்றார்கள். ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, “கடை மூடியாச்சாக்கா?” என்றார்.

“உள்ள வேலை நடக்குது. நேரமாகும்.”

சொல்லிவிட்டு, ஷட்டரில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டார்.