முரசுமோட்டைக்கு நாளும் போன தவமணி அக்கா

வெள்ளிக்கிழமை காலை வார்ட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நான்கு நாள் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த தவமணி அக்கா போய்விட்டார். கையிலிருந்த குளிசையை யாருக்குக் கொடுக்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

அவருடன் ஆறு வருடம் ஒரே வார்ட்டில் தாதியாக வேலை செய்தேன். பகல் வேலை முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போவோம். அக்கா சைக்கிளில் ஏறி, வீடுவீடாகப் புண்ணுக்கு மருந்து கட்டும் தன் சொந்த வேலைக்குப் போவார். “இரட்டை உத்தியோகக்காரி” என்று சீண்டுவேன். “ஓமடி, வார்ட்டிலை கட்டில் போதாதெண்டுதானே நான் சைக்கிள் உழக்கிறன்” என்பார்.

பஞ்சுக்கும் துணிக்கும் தட்டுப்பாடான காலம். ஒருநாள் இரக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிச் சுருள் ஒன்றை அவர் பையில் ஒளித்து வைத்தேன். மறுநாள் அது பிரிக்காமலே என் மேசையில் கிடந்தது. “இஞ்சத்தைச் சாமான் இஞ்சைதான் கிடக்கோணும்” என்றவர், அரைநாள் என்னோடு கதைக்கவில்லை. வெளிவேலைக்குத் தன் பழஞ்சேலைகளையே அவித்துக் கிழித்து வைத்திருப்பார். படுக்கும்போது உறுத்துமென்று கட்டின் நுனியை முடிச்சுப் போடமாட்டார். உள்ளே மடித்துச் செருகிவிடுவார்.

காய்ச்சல் தொடங்கிய அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “முரசுமோட்டை ஐயாவின்ரை கால்புண்ணுக்கு நாளும் மருந்து கட்டோணும். விட்டால் காலை எடுக்கவேண்டி வரும். நீ போவியே?” ஓம் என்றேன். போகவில்லை. வேலை, செத்தவீடு, என் சோம்பல் என்று ஐந்து நாள் போயிற்று.

தகனத்துக்கு மறுநாள் மத்தியானம், புழுப் பிடித்திருக்குமென்று நினைத்தபடி போனேன். ஐயா சீனி வருத்தத்தில் கண் தெரியாமல் போனவர். பார்த்தால் புண் சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஈரம் காயாத நீலக்கரைச் சேலைத் துண்டு, நுனி உள்ளே மடித்தபடி. அந்த நீலக்கரைச் சேலையை முதல்நாள் அக்காவுக்கு உடுத்திச் சுடலைக்கு அனுப்பியவள் நான்.

“ஆர் ஐயா கட்டினது?”

“தவமணி மிஸ்ஸிதான். நாளும் வாறா. இப்பதான் கதைக்கிறேல்லை.”

வயலிலிருந்து வந்த ஐயாவின் மகள், “ஒருத்தரும் வரேல்லை அக்கா. நான் பயத்திலை தொடவுமில்லை” என்றாள்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் என் சேலையைக் கிழித்துக்கொண்டு இப்போது நாளும் போகிறேன். அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மடிப்பும், போகாமல் விட்ட ஐந்து நாளின் வெட்கமும்தான். நேற்று நுனியைச் செருகும்போது ஐயா கேட்டார்:

“இண்டைக்கு ரெண்டு பேருமே வந்தனியள்?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. “ஓம் ஐயா” என்றேன்.