வெறும் கண்ணாடியின் படம்

என் தங்கச்சி புருஷனுக்கு லேபில் வேலை. நோயாளிகளின் சதைத் துணுக்கு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைப் படமெடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். படங்களைச் சேமிக்கும் செலவு எகிறியபோது மேனேஜரிடம் போய், “சார், பாதிப் படம் வெறும் கண்ணாடிதான். சதை இருக்கிற இடத்தை மட்டும் எடுத்தா செலவு பாதியாயிடும்” என்றார்.

“உன் வேலையைப் பாருய்யா” என்று விரட்டிய அந்த ஆள், அடுத்த வாரமே அதைத் தன் யோசனை என்று முதலாளியிடம் அளந்துவிட்டான். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வெளுத்த கொழுப்புத் துணுக்கை வெறும் கண்ணாடி என்று மெஷின் விட்டுவிடும், அதைக் கையால் குறித்துக் கொடுக்கணும் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளி முன்னால் மேனேஜர் அதைச் செய்து காட்டிய நாளில், லேபின் டாக்டரம்மா ஸ்லைடையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஸ்லைடுல நாலு துணுக்கு இருக்கு. படத்துல மூணுதானே வந்திருக்கு?”

மேனேஜர் திருதிருவென்று விழித்து மாப்பிள்ளையைப் பார்த்தான்.

“என்னை ஏன் சார் பாக்கறீங்க? யோசனை உங்களோடதாச்சே!”

யோசனை யாருடையது என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. இப்போது மாப்பிள்ளைதான் படமெடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. மேனேஜர் அவர் பக்கத்தில் நின்று கொழுப்புத் துணுக்கைக் குறிக்கக் கற்றுக்கொள்கிறான்.

“பாவம்ண்ணா அந்த ஆளு” என்கிறாள் தங்கச்சி. என்ன பாவம்? போன வாரம் நானே லேபுக்குப் போய்க் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்தேன்.