ரெஜினா கட்டிய கயிறு

செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் லாரிக்கு லோடு கட்டிப் பழகிய கை ரெஜினாவுடையது. அவள் போட்ட முடிச்சு எந்த மேடு பள்ளத்திலும் அவிழ்ந்ததில்லை. லோடில் கயிற்று நுனி தொங்கினால் மேஸ்திரியிடம் திட்டு விழும். அதனால் மிச்சக் கயிறு கண்ணில் பட்டாலே இழுத்துச் சுற்றி இறுக்கிவிடுவாள். கல்யாணமாகிக் கோவளம் வந்து, கணவன் ஜான்சன் வேலை பார்த்த பாய்ப்படகுப் பள்ளியில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அங்கே அவள் வேலை கேட்டமரானுக்குப் பாய் பூட்டுவது. நம் கட்டுமரம்தான் சீமைக்குப் போய்ப் பேரை மாற்றிக்கொண்டு, இரண்டு ஒல்லி ஓடங்களாகத் திரும்பி வந்திருக்கிறது. பெரிய பாயின் ஓரத்தைப் பாய்மரத்தின் காடிப் பள்ளத்தில் கோத்து மேலே ஏற்ற வேண்டும். பாயின் அடியில் படுத்திருக்கும் அலுமினியக் கழிதான் பூம். அதிலிருந்து கப்பி வழியாக இறங்கும் கயிறு ஓட்டுபவர் கையில் இருக்கும். காற்று முரட்டுத்தனமாக அடித்தால் அதை விட்டுவிட வேண்டும். பூம் விலகும், பாய் தளரும், படகு பிழைக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, அந்தக் கயிற்றின் மிச்சம் ஜான்சன் காலில் சிக்குமே என்று ரெஜினா அதைச் சுருட்டி, ஓடங்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தோடு லோடு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். அவன் தனியாகப் போனான். திடீரென்று காற்று அடித்தபோது கயிற்றை விட்டான். முடிச்சு பிடித்துக்கொள்ள, அது ஒரு முழம் ஓடி நின்றுவிட்டது. படகு கவிழ்ந்து பூம் அவன் தோளில் விழுந்தது. வலது கை அன்றோடு விளங்காமல் போயிற்று. கப்பி சிக்கிக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கரைக்கு இழுத்து வந்த படகில் முடிச்சை முதலில் பார்த்தவள் ரெஜினா. கத்தியால் அறுத்து மணலில் புதைத்துவிட்டு, பாவி, வாயே திறக்கவில்லை.

இன்று ஜான்சன் மறுபடி கடலுக்குப் போகிறான். சுக்கான் அவன் இடது கையில்; கயிறு பிடிக்க, பள்ளியை நடத்தும் பார்த்திபன் கூட வருவதாகப் பேச்சு. ரெஜினாதான் பாய் பூட்டினாள். மிச்சக் கயிற்றைத் தொடாமல் அப்படியே விட்டாள். முடிச்சைப் பற்றிச் சொன்னால் புருஷன் விட்டுப் போய்விடுவான் என்று பயம். ஆனால் அவள் பூட்டியது என்று நம்பி அவன் ஏறப் போகிறானே, அதை அவளால் தாங்க முடியவில்லை.

"யோவ், அன்னிக்கி கப்பி சிக்கல. மிச்சக் கவுத்த நான்தான் லோடு முடிச்சு போட்டு வச்சிருந்தேன். அப்பறம் அறுத்து பொதச்சிட்டேன்."

ஜான்சன் மணலில் உட்கார்ந்தபடியே கப்பியைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷமா கப்பிய திட்டிகினு கீறேன். சோறு ஊட்டி வுட்டியே, அப்பக்கூட சொல்லத் தோணலியா?"

"பயம்யா. வுட்டுட்டு பூடுவியோன்னு."

அவன் எழுந்து வந்து இடது கையால் கயிற்றைக் கடைசி நுனிவரை உருவிப் பார்த்தான். படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்தான்.

"பார்த்தி அண்ணாத்த இங்கியே இருக்கட்டும். நீ ஏறு."

ரெஜினா கரையில் பூட்டுவாளே தவிர, ஒரு நாளும் ஏறியதில்லை.

"எனக்கு நீந்தத் தெரியாதுய்யா."

"சட்டைய மாட்டிகினு ஏறு. கவுறு உன் கையில."

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். அலை முறியும் இடம் தாண்டியதும் காற்று வந்து மோதியது. ஒரு பக்க ஓடம் தண்ணீரைவிட்டு எழும்பியது. ரெஜினாவின் விரல்கள் கயிற்றை இறுக்கின. உயிரே போனாலும் விடாத பிடி அது.

"வுடு, ரெஜி!"

கையைத் திறந்தாள். கயிறு முழுவதும் சரசரவென்று ஓடியது. பூம் விலகிப் போக, பாய் படபடத்தது. தூக்கிய ஓடம் மெல்லத் தண்ணீரில் இறங்கியது.

ரெஜினா தேம்பித் தேம்பி அழுதாள். ஜான்சன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இப்ப இழு," என்றான்.

அவள் அழுதுகொண்டே இழுத்தாள்.