கழலாத மோதிரம்

லேக் மார்க்கெட் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு ஒரு பழக்கம். ஊசி குத்துமுன் நம் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, விரல் விரலாகப் பார்ப்பாள். கண்புரை ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுக்கப் போன எனக்கு எரிச்சல். ஜோசியம் பார்க்கவா வந்தேன்?

மறுநாள் அவளே போன் செய்தாள். கொல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்.

“மாமி, உங்க மோதிரம் கழலுமா?”

“எட்டு வருஷமா கழலலை. முடக்குவாதம், விரல் முட்டியெல்லாம் வீக்கம். ஏன்?”

“ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்னு மெஷின் காட்டுது. சிந்தா பண்ணாதீங்க, கவலையே வேண்டாம். முடக்குவாதக்காரங்க ரத்தத்துல இருக்கற ஒரு ஆன்டிபாடி சில சமயம் டெஸ்ட்டையே ஏமாத்திடும், இல்லாத கிருமியை இருக்குன்னு காட்டிடும். உங்க விரலைப் பார்த்தப்பவே நினைச்சேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வேற முறையில பார்த்துட்டுத்தான் ரிப்போர்ட்.”

இரண்டு நாள் கணவரிடம்கூடச் சொல்லாமல், என் டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி போன் வந்தது. “கிருமியே இல்லை மாமி. ஆபரேஷனுக்குப் போங்க.”

கண் தெளிந்ததும் நன்றி சொல்லப் போனேன். அகலமான நெற்றி, மூக்கில் சறுக்கும் கண்ணாடி. அவள் முகத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவளோ என்னை யாரென்றே தெரியாமல் விழித்தாள். ஆபரேஷன், போன் என்று எதைச் சொல்லியும் பிடிபடவில்லை.

கடைசியில் கையை நீட்டினேன்.

“அட, நீங்களா மாமி!” என்றாள், என் விரல்களைப் பார்த்துச் சிரித்தபடி.