அப்பா இனிஷியலில் ஒரு கார்

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள்.

“கார் வந்துடுச்சாம். இன்சூரன்ஸ் போட்டாதான் நம்பர் வாங்க முடியுமாம். நம்பர் வந்தாதான் வண்டியக் கையில குடுப்பாங்களாம். நீ பக்கத்துலதான இருக்கற, வந்துடு.”

எனக்குத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. ஷோரூமும் அதே ரோட்டில்தான். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, டப்பாவை அப்படியே மூடிக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, போன வருஷம் ரிட்டயர் ஆனவள். கைக்கு வந்த பணத்தில் நகை வாங்குவாள், மாடி கட்டுவாள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் எலெக்ட்ரிக் கார் புக் செய்தாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மாமாவிடம் மட்டும், “நீங்க பக்கத்துல உக்காந்துனு வருவீங்களா?” என்று கேட்டாளாம். “ஜன்னல் பக்கம்னா வரேன்” என்றாராம் மாமா. அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் இருந்த வண்டி ஒரு மொபெட் மட்டும்தான்.

ஷோரூமில் இன்சூரன்ஸ் மேசையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்து ஒவ்வொன்றாக விளக்கினாள். பம்பரிலிருந்து பம்பர் வரை எது உடைந்தாலும் கிடைப்பது ஒன்று, பேட்டரிக்குள் தண்ணீர் போனால் கிடைப்பது ஒன்று, வீட்டில் மாட்டும் சார்ஜருக்கு ஒன்று. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிறவள் மாதிரி எல்லாவற்றையும் படித்தாள். பிறகு கேட்டாள்:

“மரம் விழுந்தா?”

“மேடம்?”

“வண்டிய நிறுத்தி வெச்சிருக்கோம். யாரும் ஓட்டல. காத்து அடிச்சி மரம் மேல விழுந்துடுது. அதுக்குக் குடுப்பீங்களா?”

“குடுப்பாங்க மேடம். புயல், வெள்ளம் எல்லாமே கவர் ஆவுது.”

“அது எங்க இருக்குதுனு காட்டு.”

அந்தப் பெண் தேடிக் காட்டினாள். அக்கா திரையில் விரல் வைத்து அந்த வரியைப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் படித்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏன் இந்த அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று. என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் அப்பாவிடம் ஒரு வேன் இருந்தது. பால் கொஞ்சம் ஜாஸ்தியான டீயின் நிறம். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ஆள் ஏற்றுவார். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம், பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்குப் போகிறவர்கள், மற்ற நாளில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையோடு வரும் வியாபாரிகள். வேனுக்குள் எப்போதும் மல்லாட்டைத் தோலும் விபூதியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எங்கேயாவது அந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்கு அப்பா வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் அப்பாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. டிரைவர் வைத்தால் வருகிற வரும்படி அவருக்கே சரியாகப் போகும். அக்கா அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். “நான் கத்துக்கறேன்ப்பா” என்றாள். அம்மா முறைத்தாள். அப்பா அடுத்த நாள் காலையில் தெரிந்த டிரைவர் ஒருவரை வைத்து வேனை ஏரிக்குள் இறக்கினார். கோடையில் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எவ்வளவு சுற்றினாலும் இடிப்பதற்கு ஒன்றுமில்லை. அக்கா பாவாடை தாவணியில், சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டுவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட தோளைத் தடவியபடியே, “கிளட்ச்ச மெதுவா விடும்மா, அது கோச்சிக்கும்” என்பார். மேய்கிற ஆடுகள் முதல் இரண்டு நாள் ஓடின. அப்புறம் அவையும் பழகிவிட்டன.

லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அவள் ரோட்டுக்கு வந்தபோது ஊர் வேடிக்கை பார்த்தது. சில ஆம்பளைகள் ஏறமாட்டோம் என்று பஸ்ஸுக்கு நின்றார்கள். பொம்பளைகள் வந்து ஏறினார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற ஒரு பெண், “உங்கக்கா ஓட்டனாதான் வண்டி குலுங்காம போவுது” என்று காத்திருந்து ஏறியது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்கூல் இல்லாத நாளெல்லாம் நான்தான் கிளீனர். கதவைத் தட்டி “ரைட்” என்று கத்த வேண்டும். அந்தச் சத்தத்துக்கு வேன் நகர்வது எனக்குப் பெரிய அதிகாரமாக இருந்தது. நகரும்போது அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவாள். திருவண்ணாமலை நெருங்க நெருங்க மலை முன்கண்ணாடி முழுக்க வந்து நிறையும். அப்பா சீட்டிலிருந்தே ஒரு கும்பிடு போடுவார், தூக்க முடிந்த கையால் மட்டும்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், சவாரியை இறக்கிவிட்டு வந்த அக்கா, வேனை ரோட்டோரப் புளியமரத்து நிழலில் நிறுத்தினாள். சீட் சூடாகாமல் இருக்க அங்கேதான் நிறுத்தச் சொல்லி அப்பா பழக்கியிருந்தார். நாங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று வானம் கறுத்து, செம்மண்ணை வாரிக்கொண்டு காற்று வந்தது. மழைகூட ஜாஸ்தி இல்லை, வெறும் காற்று. ஒரு பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மரம் வேரோடு சாய்ந்து வேனின் முதுகில் படுத்திருந்தது. கூரை சீட்டு வரைக்கும் அமுங்கியிருந்தது. நல்லவேளை உள்ளே யாருமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா கையில் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். சாப்பிட்ட கை கழுவாமல் காய்ந்துபோயிருந்தது.

“இன்சூரன்ஸ் கட்டியிருக்குதில்ல, பாத்துக்கலாம்” என்றார் அப்பா. வருஷா வருஷம் தவறாமல் கட்டுகிறவர் அவர். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர் மரியாதையானவர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார்:

“இது தேர்டு பார்ட்டிதாங்க. உங்க வண்டி யார் மேலயாவது மோதினா அவங்களுக்கு நாங்க குடுப்போம். உங்க வண்டிக்கு ஏதாவது ஆனா இதுல ஒண்ணும் கெடையாதுங்க.”

அப்பாவுக்குப் புரியவில்லை. “நாங்க யார் மேலயும் மோதலிங்களே. மரந்தான வந்து மோதுச்சி” என்றார்.

“அதாங்க. மரத்துக்கு யாரு இன்சூரன்ஸ் போட்டிருக்கா?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் வருத்தம்தான். அப்பா பாலிசிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ஆமாங்க, அதுவும் சரிதான்” என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து எங்களுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். டீக்கடை பெஞ்சில் அக்கா அழ ஆரம்பித்தாள். “நான் வெயில்லயே நிறுத்தியிருக்கணும்ப்பா” என்றாள். அப்பா பன்னைப் பிய்த்து அவள் கையில் வைத்து, “நான் சொன்ன எடத்துலதான நிறுத்தன. சாப்பிடு” என்றார். அதற்குப்பிறகு செத்துப்போகும் வரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

வேன் பழைய இரும்புக்குப் போனது. தோள் சரியானதும் அப்பா ஒரு எண்ணெய் மில்லில் லாரி ஓட்டப் போனார். வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று அக்காவை டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்தார். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. ஓட்ட வண்டி இல்லை. ஆனால் லைசென்ஸ் முடிகிற ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்ப் புதுப்பித்துவிடுவாள். காரே இல்லாமல் இது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். “இருக்கட்டும்டி” என்றாள்.

ஷோரூம் பெண் அந்த லைசென்ஸைத்தான் இப்போது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி யார் பேரிலோ அவருக்கு விபத்துக் காப்பீடு போட லைசென்ஸ் வேண்டுமாம். “சார் ஓட்டுவாரா மேடம்?” என்று கேட்டதற்கு அக்கா, “நான்தாம்மா ஓட்டுவேன்” என்று எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“மேடம், இனிஷியல் மாறுதே. இன்வாய்ஸ் உங்க ஆதார்ல இருக்கற மாதிரி போட்டிருக்குது. லைசென்ஸ்ல வேற இனிஷியல்.”

ஆதாரில் மாமாவின் இனிஷியல். ரேஷன் கார்டைப் பார்த்து எழுதியது. லைசென்ஸ், பான் கார்டு, வேலை பார்த்த காலத்துக் காகிதமெல்லாம் அப்பாவின் இனிஷியல்.

“பிரச்சன இல்ல மேடம். பாலிசிய இன்வாய்ஸ்படி இன்னிக்கே போட்டுடலாம். லைசென்ஸ்ல பேர அப்புறம் மாத்திக்கங்க.”

“அதெல்லாம் மாத்த மாட்டேன்” என்றாள் அக்கா. “இன்வாய்ஸ மாத்த முடியுமா?”

அந்தப் பெண் எழுந்துபோய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தாள். பான் கார்டும் லைசென்ஸும் வைத்து மாற்றலாம், நம்பர் வாங்குவதற்கு முன்னால் என்பதால் முடியும், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும், நாளைக் காலையில் வண்டி கிடைக்காது என்றாள். நாளைக் காலை என்பது மாமா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “ஒரு எழுத்துக்கா. இதுல இன்னா இருக்குது? விடு” என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. “அப்பா வருஷா வருஷம் கட்டனாரு. அவருக்கு ஒண்ணும் கெடைக்கல. இதுல மரம் விழுந்தாலும் குடுப்பேன்னு போட்டிருக்குது. அவரு எழுத்து இதுல இருக்கட்டுமே.”

அந்தப் பெண் பழைய இன்வாய்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மாமாவிடம் சொல்ல வேண்டுமே. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னாள். மனசு கஷ்டப்படுவாரோ என்று நான் பயந்தேன்.

“என் இனிஷியல்தான் ரேஷன் கார்டுல இருக்குதே, அது போதும்” என்றார் மாமா. “நேரந்தான் போச்சி. சரி, ராகு காலம் இல்லாம எப்ப குடுத்தாலும் வாங்கிக்கோ.”

“நாமினியா உங்கள போடறேன். பொறந்த தேதி சொல்லுங்க.”

“எது? அம்மா சொன்னதா, ஸ்கூல்ல வாத்தியார் போட்டதா?”

இன்சூரன்ஸ் மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாத்தியார் போட்ட தேதியே நிலைத்தது. பம்பர், பேட்டரி, சார்ஜர் எதையும் அக்கா விடவில்லை. பாலிசி அவள் போனுக்கு வந்ததும், பெயர் இருந்த இடத்தை விரலால் பெரிதாக்கி என்னிடம் காட்டினாள். அப்பாவின் எழுத்து, புள்ளி, அவள் பெயர்.

நம்பர் வந்து வண்டியைக் கொடுத்தபோது வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள். முகூர்த்தம் இல்லாததால் ஷோரூமில் எங்களைத் தவிர யாருமில்லை. மாமா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை.

“ஸ்டார்ட் ஆவலியா?” என்றார் மாமா.

“ஆயிடுச்சிங்க.”

எலுமிச்சம்பழம் நசுங்குவதுதான் கேட்டது. முதலில் கொஞ்சம் தடுமாறினாள், கியருக்காக இடது கை தேடிப்போய்த் திரும்பி வந்தது. அப்புறம் பழகிவிட்டாள். ஊருக்குப் போகாமல் கிரிவலப் பாதையில் விட்டாள். அடி அண்ணாமலை தாண்டியதும் மலை அவள் பக்கத்து ஜன்னலில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. மாமா நல்ல தூக்கத்தில் இருந்தார். எதிரில் காவி கட்டிய ஒருவர், சத்தமே இல்லாமல் வந்த வண்டியைப் பார்த்துத் திடுக்கிட்டு ஒதுங்கினார். அக்கா ஜன்னலை இறக்கி, “மன்னிச்சிக்கங்க சாமி” என்றாள். அவர் கையை உயர்த்தி, போ என்பதுபோல் ஆட்டினார்.