பீப் சத்தம் வரும்வரை

சோமனூரில் நான் விசைத்தறி ஓட்டியது கொஞ்ச காலம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டல், லாரி, சாயப்பட்டறை என்று எங்கேயும் நிற்காமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். தறிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் உதட்டால் பேசுவார்கள், குரல் இல்லாமல். நாலு தறி தள்ளி நிற்பவர் வாயசைவைப் பார்த்தே பதில் சொல்வார், சிரிப்பார், திட்டுவார். கணியூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே தறிக்கு வந்தவள் என் மனைவி. என்னிடம் அவள் முதலில் கேட்டதும் உதட்டால்தான்: "தெக்கத்தி ஆளுங்களா?"

கல்யாணத்துக்குப் பிறகு லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாததையெல்லாம் தறிக்கூடத்து மாதிரியே குரல் இல்லாமல் பேசிக்கொண்டோம். நாளடைவில் புளி, பருப்பு, மழை எல்லாமே உதட்டுப் பேச்சாகிவிட்டது. அது எங்களுக்குச் சுகமாக இருந்தது.

அவள் தறியிலேயே இருந்தாள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு சாம்பிள் பீஸ்களை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாறினேன். ஊர் சுற்றும் ஆசை மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் வண்டியிலேயே கன்னியாகுமரி போய், அப்படியே கடலை ஒட்டி கோவா வரை போகலாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "உங்க முதுகையே பாத்துட்டு எத்தன தூரமுங்க வர்றது?" என்றாள்.

வழியெல்லாம் பேச்சுத் துணை இல்லையே என்பதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

செல்போனில் ப்ளூடூத் வந்து, ஆட்கள் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்ளும் கருவி காதர்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒயர் ஓடுவது.

"இது வெல கம்மிங்கண்ணா. ஆனா அக்கா டீ குடிக்க எறங்குனா உங்க தலையும் கூடவே போயிரும்."

அவள் சிரித்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றது ப்ளூடூத், ஜோடியாக வருவது. முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட்டுக்கு மைக் தாடைக்குள்ளே ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர் தட்டையாக இருப்பதால் காதை அழுத்தாது. "அணைக்கோணும்னா இந்தப் பட்டன பீப்புனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கிப் புடிங்க. சும்மா தொட்டுட்டு உட்டா அணையாதுங்க" என்றார். கடை ஹெல்மெட்டுகள் இரண்டில் மாட்டி எங்கள் தலையில் கவிழ்த்தார். அதுவரை நான் போட்டது முகம் திறந்த ஹெல்மெட்தான்.

"அக்கா, நீங்க அந்த முக்கு வரைக்கும் போயி நில்லுங்க. அண்ணன் பேசட்டும்."

பனியன் மூட்டைகளுக்கு நடுவே நடந்து போய், முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏ புள்ள, கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. "கோவாவுல மீன் வாங்கித் தரவா?" அதற்கும் இல்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் என் காதில் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்து, "நல்லாக் கேட்டுதுங்க" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

அவள் கண் என் தாடைப் பக்கம் வந்தது. அங்கே கறுப்புப் பிளாஸ்டிக்தான் இருந்தது. இன்னொரு முறை கேட்டேன். ஓரமாக, மேலே, கண்ணாடிக்குள் என்று என் வாயைத் தேடினாள்.

கடைக்காரர் அவள் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் போட்டு, என்னைப் பேசச் சொன்னார். "நல்லாத்தானுங்க கேக்குது" என்றார். சத்தத்தை முழுசாக வைத்துத் திரும்ப அவளுக்கே மாட்டினார். நான் பேசப் பேச, பக்கத்தில் நின்ற அவருக்கே உள்ளேயிருந்து கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு கல்லாவில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, உதட்டால் மட்டும் சொன்னாள்: "எனக்குக் கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்க."

நானும் கழற்றிவிட்டு, "இது வேண்டாம், வா போவோம்" என்றேன் உதட்டால்.

"வாங்குங்க. நான் பேசறது உங்களுக்குக் கேக்குமில்லீங்க? அது போதும்."

ஹெல்மெட்டோடு சேர்த்தே வாங்கினேன். மங்கலம் ரோட்டில் வரும்போது அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வீட்டு வாசலில் மாடு படுத்திருப்பதை, லாரியின் பின்னால் எழுதியிருந்ததை, தன் மேஸ்திரியின் நடையை. ஒவ்வொன்றுக்கும் நான் இடக்கையைத் தூக்கிக் காட்டினேன். அத்தனை பேச்சை அவள் குரலில் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கொஞ்சம் கட்டைக் குரல். இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், ஒரே மட்டத்தில் போகிற குரல்.

"போதுங்க, அணச்சுக்கறேன்" என்றாள். பட்டனைத் தொடுவது என் காதில் கேட்டது. பீப் வரவில்லை. வராதது அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் காற்றுச் சத்தம். அப்புறம் அழ ஆரம்பித்தாள். ஹெல்மெட்டுக்குள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்து அழுகிற அழுகை. நடுவே, "ஊரூராத் திரியற மனுசன். செவிட்டுப் பொம்பளைய வெச்சுட்டு எத்தன நாளைக்கு இருப்பாரு" என்றாள். கடைசியில், "மாரியாத்தா, நான் கேக்கறது இதுதான். கண்ணையாச்சும் நல்லா வெச்சிரு" என்றாள்.

இருப்பேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சொன்னாலும் கேட்காது. வண்டியை நிறுத்தித் திரும்பி முகத்தைக் காட்டினால், அழுததைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துபோகும். கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன்.

வீட்டு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வண்டி மேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்ன தூசி" என்றாள். அவள் பூட்டைத் திறக்கத் திரும்பியதும், அந்த ஹெல்மெட்டை எடுத்து, பீப் வரும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தேன். நிமிர்ந்தால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அணச்சுட்டுத்தானுங்களே வந்தேன்?" என்று உதடு அசைந்தது.

"ஆமா" என்றேன். வாயை நன்றாகத் திறந்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி.